கொட்டிய ஐஸ்

கொட்டகலை ஸ்டேஷனுக்குக் கண்டி ரயில் வர இன்னும் நேரமிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி அட்டெண்டன்ட் லியனார்ட் பையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, பரிசோதனைக்குக் கொண்டுபோகும் ரத்தக் குப்பிகளைச் சுற்றியிருந்த ஐஸ் கட்டிகளைத் தண்டவாள ஓரமாகக் கொட்டினான்.

"ஏன் தம்பி, கொட்டிப்புட்டீங்க?" என்று கேட்டார் போர்ட்டர்.

"உருகி ஊத்தி, போட்டிருக்கிற களிசானெல்லாம் நனையுதுங்க. இந்தக் குளிருக்கு ஐஸ் வேற எதுக்கு?"

மலை இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போனது. நாவலப்பிட்டி தாண்டியதும் வெயில் ஜன்னல் வழியே நேராகப் பையின் மேல் அடித்தது. லியனார்ட் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தான். கண்டிப் பரிசோதனைச் சாலையில் பையை ஒப்படைத்தபோது குப்பிகள் சுட்டன.

அதில் ஒன்று மூக்கனுடைய ரத்தம். அவர் தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். சில மாதங்களாக மூத்திரம் சரியாகப் பிரியவில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டு அடக்கிவைத்திருந்தார். பிறகு இடுப்பு வலியும் சேர்ந்துகொள்ள, மனைவி பூரணிதான் பிடிவாதமாக டாக்டர் பத்திநாதனிடம் கூட்டிவந்தாள். மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் புற்று இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம்.

ஆனால் ரத்தத்தில் குறையில்லை என்றே பதில் வந்தது. மூக்கன் சந்தோஷமாகக் கத்தியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். இரண்டு மாதத்தில் லயத்து வீட்டில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். லியனார்ட் மறுபடியும் ஐஸைக் கொட்டினான். பதில் மாறவில்லை.

டாக்டர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரலுக்குக் கல்லு மாதிரி தட்டுப்படுது. ரத்தம் ஒண்ணுமில்லேன்னு சொல்லுது. புற்று பரவியிருந்தா ரத்தத்துல ஒரு சத்து கூடியிருக்கணும். சூடு பட்டா அது கெட்டுப்போய்க் குறைச்சுக் காட்டும். நம்ம ரத்தம் ஐஸ்லதானே போகுது, லியனார்ட்?"

"ஆமாங்க" என்றான் லியனார்ட்.

"அப்போ வயசுக்கு வர்ற வீக்கமாத்தான் இருக்கும். வலிக்கு மாத்திரை தாறேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

பூரணி மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள். "எங்களுக்காக கண்டி வரைக்கும் அலைஞ்சீங்களே தம்பி, நீங்க நல்லாயிருக்கணும்" என்று லியனார்டைப் பார்த்துக் கைகூப்பினாள். அவள் தோளில் சாய்ந்தபடி மூக்கன் ஒரு அடி எடுத்துவைத்து, வலி பொறுக்காமல் அலறினார்.

லியனார்ட் குறுக்கே போய் நின்றான். "டாக்டரய்யா, அவங்கள அனுப்பாதீங்க. ரெண்டு தடவையும் நான் ஐஸைக் கொட்டிட்டேங்க."

டாக்டர் அவனைத் திட்டக்கூட இல்லை. உடனே ஊசியை எடுத்தார்.

இந்தத் தடவை லியனார்ட் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. நாவலப்பிட்டியில் ரயில் நின்றபோது ஓடிப்போய் மீன் கடையில் ஐஸ் வாங்கி நிரப்பினான். களிசான் முழுக்க நனைந்தது. வந்த பதிலில் அந்தச் சத்து பல மடங்கு கூடியிருந்தது.

மூக்கனைக் கண்டிக்கு அனுப்பி ஆபரேஷன் செய்தார்கள். நோய் எலும்புவரை போய்விட்டதால் முழுக்கக் குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வலி தணிந்தது. தண்ணீர் விழும் பீலிக்கரை வரை தானே நடந்துபோய் முகம் கழுவினார். லியனார்டின் வேலை போகவில்லை. கடும் எச்சரிக்கையோடு டாக்டர் விட்டுவிட்டார்.

ஒருநாள் அவன் லயத்து வாசலில் வந்து நின்றான். "அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

பூரணி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"டாக்டரு சொன்னத நம்புனோம். கடுதாசியில இருந்தத நம்புனோம். நடுவுல ஒருத்தரு கையில எங்க உசுரு போயி வருதுன்னு எங்களுக்குத் தெரியாது தம்பி. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல? நோய் முன்னாடியே தெரிஞ்சிருந்தா இந்த மனுசன் இம்புட்டு வலி பட்டிருக்க மாட்டாரு. மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். எவ்வளவு சின்ன வேலையா இருந்தாலும் சொன்னபடி செய்யுங்க. இன்னொரு வீட்டுக்கு இப்படிப் பொய்க் கடுதாசி வரக்கூடாது."