எதிர் விளிம்பு

"இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு வா" என்றார் அப்பா.

மகள் ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் புத்தகத்தை அவர் கண்ணருகே உயர்த்தினாள். நாணயம் சேகரிப்போர் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலர். அன்று காலைத் தபாலில்தான் வந்திருந்தது. மூன்றாம் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அவருடைய காசின் படம். கீழே அவர் பெயர்.

இருபத்துமூன்று வயதில், பொதுத் தொலைபேசிப் பெட்டிகளில் விழும் சில்லறையை அள்ளி வரும் வேலையில் இருந்தபோது கண்ணில் பட்டது அது. ஓரத்தில் பிறை போல ஒரு கடி. தன் காசு ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டார். நாணயம் அச்சிடும் ஆலையில் தகட்டை வட்டமாக வெட்டும்போது நேர்ந்த பிழை என்று சங்கத்துக்குக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் போன முதல் பிழைக் காசு அதுதான். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் 'லென்ஸ்'.

அதன் பிறகு எத்தனையோ பேர் காசுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, இதுவும் பிழைக் காசா என்று கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். கறுத்துப்போனது, நசுங்கியது, அமிலத்தில் ஊறி இளைத்தது. யார் மனமும் கோணாமல் உள்ளதைச் சொல்லி அனுப்புவார். "இது ஆலையில பட்ட அடி இல்லம்மா, ஊர் சுத்தினப்போ பட்ட அடி" என்பார். வந்தவர்கள் ஏமாந்த முகத்தோடு சிரித்துவிட்டுப் போவதை மகள் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள்.

அப்பா படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"கடிக்கு நேர் எதிர்ப் பக்கம் பாரு. விளிம்பு எப்படி இருக்கு?"

"நல்லா எடுப்பா இருக்குப்பா."

"இருக்கக் கூடாது. ஆலையிலயே கடிபட்டிருந்தா எதிர்ல விளிம்பு சரியா எழும்பியிருக்காது. இது வெளியில எவனோ வெட்டினது."

அந்த வயதில் இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டபோது காசு கண்ணாடிக்குள் இருந்தது. ஊரார் காசையெல்லாம் சந்தேகப்பட்டவருக்கு அதைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை.

"இருந்துட்டுப் போகட்டும்பா. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சே."

சங்கத்தில் சொல்லி அந்தக் காசை எடுத்துவிடச் சொல், பக்கத்தில் இருக்கும் என் பெயர் அட்டையையும் சேர்த்து, என்றார். பிறகு, வெட்டினவன் கைகாரன்தான் என்று மெச்சிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. மதியம் அவள் வெந்நீர் வைத்துக்கொண்டு திரும்பியபோது, புத்தகம் மார்பின் மேல் அசையாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் மாலை அவள் சங்கத்துக்குப் போனாள். ஏழெட்டுப் பேர் எழுந்து நின்றார்கள். செயலாளர் ஒரு பல் டாக்டர்; அப்பாவின் சிநேகிதர். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சிறுத்துவிட்டது.

"அவர் போய் மூணு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள அவர் காசை எடுக்கச் சொல்றியேம்மா. உடம்பு முடியாதப்ப ஏதோ சொல்லியிருப்பார்."

"நீங்களே பாருங்க மாமா. பார்த்துட்டு அவர் சொன்னது தப்புன்னு தோணினா, அங்கயே இருக்கட்டும்."

அவர் பூட்டைத் திறந்து காசை எடுத்தார். லென்ஸை வைத்து எதிர் விளிம்பைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கடிபட்ட இடத்தில் அரத்தின் கீறலையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாமளும் நாப்பது வருஷமா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தோம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

பெயர் அட்டையை அவரே கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு ஜன்னலோரமாகப் போய் நின்றாள்.

மூலையில் இருந்த வயதான தையல்காரர் எழுந்து வந்தார். தன் பெயர் போட்ட காசுத் தட்டைக் கண்ணாடிக்குள்ளிருந்து உருவி மேஜையில் வைத்தார். அதிலிருந்த முதல் காசை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் தன் தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார் தையல்காரர். "வெளிச்சம் வேணும்."

அவள் தள்ளி நின்றாள்.