பின்சீட்டில் ஏறும் குளிர்

‘தடார்’ என்று ஒரு சத்தம். டாஷ்போர்டுக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தியது போல இருந்தது. அத்தோடு ஹீட்டர் நின்றது.

கொடைக்கானலுக்கு இன்னும் பாதி மலை பாக்கி. பட்டப்பகலிலேயே பனிமூட்டம். சிகாமணி தன் பழைய காரை இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டிருந்தான்.

“பாதம்,” என்றாள் பின்சீட்டிலிருந்த அவன் மனைவி திலகவதி.

ஹீட்டர் இல்லாமல் அந்த மலையில் ஏறினால் குளிர் காலிலிருந்துதான் தொடங்கும். கழுத்தைத் தாண்டினால் பேச்சு நிற்கும். பேச்சு நின்றவரைச் சாலையோரம் இறக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அந்தப் பாதையில் அதுதான் வழக்கம். வளைவுக்கு வளைவு, இறக்கிவிடப்பட்டவர்கள் சால்வை போர்த்தி மைல்கற்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். சிலர் மீது கிலோமீட்டர் எழுதியிருந்தது.

திலகாவை அப்படி விட்டுவிட்டுப் போவதா? சிகாமணி ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

அடுத்த வளைவில் இன்னாசி ஒர்க்‌ஷாப் இருந்தது. வேகத்தில் தாண்டிவிட்டான். அதற்கடுத்த வளைவிலும் அதே ஒர்க்‌ஷாப் இருந்தது. அதையும் தாண்டினான். அப்புறம் மெக்கானிக் இன்னாசியே நடுரோட்டுக்கு வந்து கையை நீட்டி மறித்தார்.

“எத்தனை வாட்டிதான் கடையைத் தூக்கிட்டு உங்க பின்னாடியே வர்றது? எனக்கும் வயசாகலையா?”

“ஹீட்டர் நின்னுபோச்சுண்ணே. பின்னாடி என் சம்சாரம் இருக்கா.”

“எதுவரைக்கும் வந்திருக்கு?”

“முழங்கால்,” என்று பின்சீட்டிலிருந்து பதில் வந்தது.

“நேரம் இருக்கு.” இன்னாசி பானெட்டைத் தூக்கினார். ரப்பர் ஹோஸை இரண்டு விரலால் பிடித்து, நாடி பார்ப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டார். “கீழ் ஊர் மெக்கானிக் எவனாவது, சமவெளியில ஹீட்டர் எதுக்குன்னு ஹோஸைக் கழட்டிவிட்டிருப்பான்னு நினைச்சேன். இல்ல. வண்டி சூடு பண்ணுது. நடுவுல யாரோ வாங்கிக்கறாங்க.”

அவர் ஒரு பீடியைப் பற்றவைத்து, டாஷ்போர்டில் காற்று வரும் வென்ட் முன்னால் புகையை ஊதினார். புகை சிதறவில்லை. நூல் பிடித்தாற்போல உள்ளே போனது.

“ஊதல சார். இழுக்குது.”

ஸ்க்ரூ டிரைவரை விட்டு நோண்டினார். வெள்ளையாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பொரி.

“இது எப்படி உள்ள போச்சு?”

சிகாமணிக்கு வெட்கமாகிவிட்டது. “ஆயுத பூஜைக்குண்ணே. கண்ணாடிக்குச் சந்தனம் வெச்சேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சேன். பாவம், வண்டி வாயில ஒண்ணுமே படலியேன்னு...”

“எல்லாரும் முன்னால வெச்சுப் படைப்பாங்க. நீங்க ஊட்டியே விட்டுட்டீங்க!”

“கொஞ்சம்தாண்ணே. பொரியும் கடலையும்.”

“கடலையுமா?” இன்னாசியின் முகம் வெளுத்தது. “ருசி கண்டுடுச்சு. இனி நிறுத்தாது. ஹீட்டர் நின்னப்ப ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?”

“தடார்னு கேட்டுச்சு.”

“ஏப்பமா, விழுங்கினதான்னு உள்ள போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.”

“இடுப்பு.”

இன்னாசி வென்ட்டைக் கழற்றினார். முழங்கை வரை விட்டார். தோள் வரை விட்டார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையை நுழைத்தார். செருப்பை மட்டும் மரியாதையாக வெளியில் கழற்றிப்போட்டுவிட்டு, முழுசாக உள்ளே போய்விட்டார்.

“என்னண்ணே தெரியுது?” என்று ஓட்டையில் வாய் வைத்துக் கேட்டான் சிகாமணி.

“நீளமா போகுது சார். முட்டி போட்டுத்தான் வந்தேன், இப்ப நிமிர்ந்தே நடக்கலாம். நடக்க நடக்க அந்த முனை தள்ளித் தள்ளிப் போகுது.” குரல் தேய்ந்துகொண்டே போயிற்று.

“நெஞ்சு.”

சிகாமணி பின்பக்கம் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான். ஆற்றுக் கல்லைத் தொட்டதுபோல இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். தலைமுக்காடும் மூக்குத்தியும் தெரிந்தன. முகத்தில் பனி படிந்திருந்தது.

“திலகா, எதையாவது பேசு. என்னைத் திட்டவாவது செய்.”

அவள் திட்டவில்லை. வழக்கமாக ஒவ்வொரு வளைவுக்கும், “மாடு மேய்க்கத்தான் லாயக்கு நீங்க” என்பாள். சத்தம் கேட்டதிலிருந்து அளவை மட்டும்தான் சொல்லிக்கொண்டு வருகிறாள். அது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

வெளியே, சாலையோரம் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள்.

“அண்ணே! சீக்கிரம்! எந்த வால்வையாவது திறந்துவிடுங்க!”

“கழுத்து,” என்றது பின்சீட்டுக் குரல். பின்கதவின் கைப்பிடி தானாகத் திரும்பியது.

அப்போது வென்ட்டுக்குள்ளிருந்து, வெகுதூரத்திலிருந்து, இன்னாசியின் குரல் மெல்ல வந்தது.

“சார்... உங்க வீட்டம்மா இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. நல்லா கதகதன்னு இருக்காங்க. ‘அந்த மனுஷன் பின்சீட்ல யாரைக் கூட்டிட்டுப் போறாரு’ன்னு கேக்கறாங்க.”