போட்டு வா

நிருஷன் கடலோடு போன வருடத்து மார்கழியில், குளிர் பருத்தித்துறை பஸ்ஸில் வந்து அச்சுவேலிச் சந்தையடியில் இறங்கியது. பஸ்ஸில் கால்வைக்க இடமில்லை. ஆனாலும் ஜன்னலோரத்துப் பின்சீட்டில் ஒருவராலும் இருக்க முடியவில்லை. இருந்தவர்கள் ஈரச் சீமெந்தில் இருந்ததுபோல உடனே எழும்பிவிட்டார்கள். அந்த ஜன்னல் கண்ணாடி மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது. நடத்துநர் கொலின்ஸ் அந்தச் சீட்டுக்கு ரிக்கற் கிழிக்கவில்லை. "ஆரோ இறங்கப்போகினம், வழியை விடுங்கோ. காத்தெண்டாலும் மரியாதை குடுங்கோவன்" என்று பகிடி விட்டான். வழி விட்டவர்களில் இரண்டு பேருக்கு அன்று பின்னேரமே காய்ச்சல் பிடித்தது. குளிர் வெங்காயக் கடைகளைத் தாண்டி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. அது போன பக்கத்துப் பூவரசு இலைகள் கறுத்துச் சுருண்டன. பரமலிங்கம் வீட்டு வாசல் படலையில் அது நின்றது. படலைக் கொளுக்கி தானாக எழும்பியது.

பரமலிங்கமும் மனைவி குணலட்சுமியும் வெங்காயத் தோட்டம் செய்து பிள்ளைகள் இருவரை வளர்த்தவர்கள். மூத்தவன் நிருஷன் நோர்வேயின் வடகோடியில் முதலில் மீன் தொழிற்சாலையிலும் பிறகு மீன்பிடிக் கப்பலிலும் வேலை செய்தான். புறப்பட்ட நாளில் அவன் படலையில் நின்று "போட்டு வாறன் அம்மா" என்றான். குணலட்சுமி "போட்டு வா ராசா" என்றார். எங்கள் ஊரில் ஒருவரும் போறன் என்று சொல்வதில்லை, போ என்று வழியனுப்புவதும் இல்லை. போய்விட்டு வருவதாகத்தான் சொல்லிப் புறப்படுவோம். செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்லாமல் எழும்பிப் போவோம். நிருஷன் வாரம் தவறாமல் தொலைபேசியில் கதைப்பான். கடைசியாகக் கதைத்தபோது குளிரைப் பற்றித்தான் கதைத்தான்.

"அம்மா, இந்த முறை இஞ்சை கடல் சரியா உறையேல்லை. ஐஸ் மூடிக் கிடந்தால்தான் குளிர் பட்டியிலை மாடு மாதிரி நிக்கும். இல்லாட்டி வெளிக்கிட்டுத் திரியுமாம்."

"எங்கை திரியும்?"

"அது சொல்லேலாது. படிச்சவையே இன்னும் தங்களுக்குள்ளை அடிபடுகினம். சிலபேர் ஓம் எண்டினம், சிலபேர் உது சும்மா கதை எண்டினம்."

"அப்ப இஞ்சாலை அனுப்பிவிடு. நாங்கள் வெக்கையிலை அவியிறம்" என்றார் குணலட்சுமி. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தத் தை மாதத்தில், ஐஸ் மூடியிருக்க வேண்டிய இடத்தில் திறந்த தண்ணீர் கிடந்தது. ஐஸ் இருந்தால் எழும்பியிராத அலை எழும்பி, கப்பலின் மேல்தளத்திலிருந்து நிருஷனை எடுத்துக்கொண்டது. அதே கப்பலில் வேலை செய்த மானிப்பாய்ச் சுதாகரன் செய்தி சொன்னான். உடல் கிடைக்கவில்லை. உடல் வராமல் அந்தியேட்டிக் கிரியை செய்ய குணலட்சுமி விடவில்லை.

ஆகவே குளிர் படலை திறந்து வந்தபோது அது யார் என்று அவர் கேட்கவில்லை. அது நிருஷனின் கதிரையில் இருந்தது. அவர் பிட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். குழம்பின் மேல் வெள்ளை ஆடை படர்ந்தது. தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியானது. மார்கழியில் அது எங்கள் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். சாமியறை விளக்கில் நல்லெண்ணெயும் உறைந்து, அதற்குள் திரி நட்டதுபோல நின்றபோதுதான் பரமலிங்கத்துக்குப் பயம் வந்தது. சில நாட்களில் குளிர் காலைப் பஸ்ஸுக்கு எழும்பியது. குணலட்சுமி படலை வரை போய், "போட்டு வா ராசா" என்றார். மாதம் முடியுமுன் அது திரும்பி வந்தது, முதலில் வந்ததைவிடப் பெரிதாக. அயலில் சீவரத்தினத்தின் மாடுகள் கட்டின இடத்திலேயே நின்ற நிலையில் விறைத்துச் செத்தன. வானிலைக்காரர்கள் தாழமுக்கம் என்றார்கள், வாடைக்காற்று என்றார்கள், வேறு காரணமும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

சீவரத்தினம் படலையில் நின்று கத்தினார். "குணமக்கா, உங்கடை பொடியன் வந்தது சந்தோசம். வீட்டோடை இருக்கச் சொல்லுங்கோ. என்ரை மாடு அவனுக்கு என்ன செய்தது?"

"சின்னனிலையும் அவன் இந்த ஒழுங்கையிலைதானே ஓடித் திரிஞ்சவன். இப்ப மட்டும் கட்டி வைக்கச் சொல்லுறியோ?" என்றார் குணலட்சுமி.

அடுத்த வருடம் அது கார்த்திகையிலேயே வந்தது. விளக்கீட்டன்று ஒழுங்கையின் மேலும் கீழும் நடந்தது; அது கடந்த வாசல்களில் சுட்டி விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. நாங்கள் கதவுகளைச் சாத்திக்கொண்டு, அது யார் வீட்டடியில் நிற்கிறது என்று மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டடியில் நின்றது. என் மனைவி பத்மாசினி மூச்சிழுக்கும் முட்டு வருத்தக்காரி. அவள் விட்ட மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது, பிறகு உள்ளே போகவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார்கள். குணலட்சுமியும் வந்திருந்தார். அவர் எங்கள் படலைக் கொளுக்கியைத் தானே போட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் வருடம் குணலட்சுமியின் மகள் பிரசாந்தி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்து பெண்பிள்ளை பெற்றாள். பிள்ளைக்குக் கழுத்து நிற்கத் தொடங்கிய காலத்தில் குளிர் வந்தது. இந்த முறை அது கதிரையில் இருக்கவில்லை. பிள்ளை கிடந்த ஏணைத் தொட்டிலடியில் போய் நின்றது. பிள்ளையின் நகங்கள் நாவற்பழ நிறமாயின. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு மானிப்பாயில் புருசன் வீட்டுக்குப் போவதற்குப் பிரசாந்தி படலை வரை போனாள்; குளிரும் எழும்பிக் கூடவே வந்தது. அவள் திரும்பி வந்து குந்தினாள்.

"அம்மா, அண்ணை மருமேளைத் தூக்க ஆசைப்படுறான். தூக்கினால் பிள்ளை இராது."

மகன் செத்த நாள்முதல் அதிகம் வாய் திறக்காத பரமலிங்கம் அப்போதுதான் கதைத்தார். "உவன் தானா வரேல்லை. ஒவ்வொரு முறையும் நீதான் வா எண்டு சொல்லிவிடுறாய். போ எண்டு சொல்லு."

"பெத்த பிள்ளையைப் பாத்து எந்தத் தாய் போ எண்டு சொல்லுவாள்?"

"அப்ப பேத்தியைப் பாத்துச் சொல்லப்போறியோ?"

மறுநாள் காலைப் பஸ்ஸுக்குக் குளிர் எழும்பியது. ஏணைச் சீலையும் அதோடு சேர்ந்து இழுபட்டது. உள்ளே பிள்ளை கிடந்தது. பிரசாந்தி இரண்டு கைகளாலும் பிடித்தும் அவளையும் சேர்த்து அது முற்றம் வரை இழுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் வேலிகளுக்குப் பின்னால் நின்றோம். ஒருவரும் கிட்டப் போகவில்லை. படலையில் வந்து குளிர் நின்றது, தனக்குரிய சொல்லைக் கேட்பதற்காக. குணலட்சுமி இரும்புக் கொளுக்கியைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை அழுவதை நிறுத்தியிருந்தது.

"போ" என்றார்.

குளிர் அசையவில்லை. வேலி ஓலைகள் ஒவ்வொன்றாக வெளிறின.

"போ ராசா. இனி வராதை."

ஏணைச் சீலை தொய்ந்து விழுந்தது. ஒழுங்கையால் அது போனபோது நாங்கள் மதில்களோடு ஒட்டிக்கொண்டோம். சீவரத்தினம் மட்டும் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குணலட்சுமி கொளுக்கியிலிருந்து கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பிள்ளை வீரிட்டு அழுதது. அந்தக் கிழமையே சுதாகரன் தொலைபேசியில் அழைத்து, நிருஷன் விழுந்த தண்ணீர் ஒரே நாளில் இறுகி ஐஸ் மூடிவிட்டது, இப்படி ஒருநாளும் கண்டதில்லை என்று கப்பல் தலைவரே சொல்கிறார் என்றான். "போய்ச் சேர்ந்திட்டான்" என்று மட்டும் குணலட்சுமி சொன்னார். கட்டுப்போட்ட கையோடு கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்வித்தார்.

அன்றிலிருந்து கார்த்திகை பிறந்தால் மாசி முடியும்வரை எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் போட்டு வாறன் என்று சொல்வதில்லை. போறன் என்கிறோம், போ என்று பதில் வருகிறது. வெளியூர்ச் சம்பந்திகள் முதலில் கோபித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். சந்தையில் வெங்காயக்காரன் தொலைபேசியைப் பார்த்து முதலில் வடகடல் உறைந்ததா என்பதையும் பிறகு விலையையும் சொல்கிறான். கடல் உறைந்த வருடங்களில் குணலட்சுமி, "அப்ப சுகமாயிருக்கிறான்" என்று சொல்லிப் பையை நீட்டுவார்.

இந்த வருடம் அவன், "இல்லையக்கா, இன்னும் தண்ணியாத்தான் கிடக்கு. எத்தினை கிலோ போட?" என்றான். அவர் வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிரசாந்தியையும், இப்போது ஓடித் திரிகிற பேத்தியையும் மானிப்பாய் பஸ்ஸில் ஏற்றி "போங்கோ" என்றார். திரும்பி வந்து நிருஷனின் கதிரையைத் துடைத்து வைத்தார். சீவரத்தினம் மாடுகளுக்குச் சாக்குப் போர்த்தினார். பருத்தித்துறை பஸ்ஸில் கொலின்ஸ் ஜன்னலோரத்துப் பின்சீட்டை வெறுமையாக விட்டிருக்கிறான். ஆட்கள் நின்றுகொண்டே வருகிறார்கள்.