சமர்ப்பணப் பக்கம்

பொதியைப் பிரித்ததும் நிலுஷா புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள். அவளுடைய கதைகள்தான், இங்கிலீசில். வெளிநாட்டில் மொழிபெயர்ப்பு நூல்களுக்குக் கொடுக்கும் ஒரு பரிசின் குறும்பட்டியலில் அது வந்திருக்கும் செய்தி ஏற்கனவே பாலையூற்று ஊர் முழுக்கப் பரவியிருந்தது. தேவாலயத்து ஞாயிறு பூசையில் சுவாமியும் அறிவித்துவிட்டார்.

முதல் தாள்களைப் புரட்டிய கை நின்றது. தமிழ்ப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் ‘றிக்சனுக்கு’ என்று மட்டுமே இருந்தது. இதில் ‘அமரர் றிக்சனின் நினைவாக’ என்று இங்கிலீசில் போட்டிருந்தார்கள். அகராதி தேவைப்படவில்லை. சேமக்காலையில் பழைய கல்லறைகளின்மேல் பார்த்துப் பழகிய சொற்கள்.

றிக்சன் பக்கத்து வீட்டு மக்டலின் அக்காவின் மகன். யுத்த காலத்தில் துறைமுகத்துக்கு வேலைக்கென்று போனவன் திரும்பி வரவில்லை. மரித்தோர் திருநாளில் ஊரே சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போது, மக்டலின் தன் புருஷனுக்கு மட்டும் கொளுத்துவாள். மகனுக்கென்று யாராவது ஒரு திரியை நீட்டினால் அவர்களோடு பிறகு பேச்சே இல்லை. அந்தக் கொளுத்தாத திரியைப் பற்றியதுதான் புத்தகத்தின் முதல் கதை.

லண்டனில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் கீர்த்தனியை நிலுஷா தொலைபேசியில் பிடித்தாள்.

“அது நான் போடேல்லை, அக்கா. பதிப்பகத்து எடிட்டர் போட்டவ. கதையை வாசிச்சு அழுதவ. ஒரு மரியாதைக்கு எண்டு...”

“தாய் ஏன் திரி கொளுத்தேல்லை எண்டு அவவுக்கு விளங்கேல்லையே?”

“விளங்கினது. தாயால பிள்ளையின்ர சாவை ஏற்றுக்கொள்ள ஏலாமல் கிடக்கு எண்டு விளங்கியிருக்கு. புரூஃப் உங்களுக்கும் அனுப்பினனாங்களெல்லோ, அக்கா?”

அனுப்பினார்கள்தான். நிலுஷா அப்போது போன் திரையில் அட்டையிலிருந்த தன் பெயரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். உள்பக்கங்களுக்குப் போகவில்லை.

“இப்ப மாத்தேலாதே?”

“மின்னூலில மாத்தலாம். அச்சடிச்சது கடையளுக்குப் போயிட்டுது. நடுவர்மாரிட்டயும் போயிட்டுது. இரண்டாம் பதிப்பு வந்தா...”

போனை வைத்தபின் கோபத்தைத் தேடினாள். அது எடிட்டரிடம் போய் நிற்க மறுத்தது. ‘றிக்சனுக்கு’ என்று எழுதியபோது மக்டலின் அக்கா பக்கத்தில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இல்லாதிருந்தால் தன் பேனா என்ன எழுதியிருக்கும்? அதையேதான் என்று நிலுஷாவால் சத்தியம் பண்ண முடியவில்லை.

“எங்க பரிசுக்காரி? லண்டனுக்குப் போனா எனக்கொரு குளிர்ச்சட்டை, இப்பவே சொல்லிப்போட்டன்!”

மக்டலின் உள்ளே வந்துவிட்டாள். மேசையில் விரிந்து கிடந்த பக்கத்தில் அவள் விரல் நேரே மகனின் பெயரைத் தொட்டது. மகனைக் காணவில்லை என்று முறைப்பாடு எழுதி எழுதி அவளுக்குப் பழகிய இங்கிலீசு அந்த ஒரு பெயர்தான்.

“இந்தா, என்ர பிள்ளை. முன்னுக்கு என்னவோ போட்டிருக்கு?”

“றிக்சனுக்கு எண்டுதான், அக்கா. இங்கிலீசில கொஞ்சம் நீட்டிச் சொல்லுவினம்.”

“நல்லதாப் போச்சு. நாளைக்கு காணாமல் போன பிள்ளையளின்ர தாய்மார் எங்களைச் சந்திக்க வெளிநாட்டு ஆக்கள் வருகினம். பிள்ளை இருக்கிறான், தேடித் தாங்கோ எண்டு படத்தைத்தானே இவ்வளவு நாளும் காட்டினனான். இனி இதையும் காட்டுவன்.”

“தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டு போங்கோவன், அக்கா.”

“உனக்கென்ன விசரே? அவையளுக்குத் தமிழ் தெரியுமே?”

புத்தகத்தைப் பறிக்க நிலுஷா கையை நீட்டினாள். வேறு எதற்கோ நீட்டியதாக நினைத்து மக்டலின் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். பிறகு கைப்பையிலிருந்து றிக்சனின் படத்தை எடுத்து, அந்தப் பக்கத்திலேயே அடையாளத்துக்கு வைத்து மூடினாள்.

நிலுஷா வாயைத் திறக்குமுன் அவள் புத்தகத்தோடு வெளியே போய்விட்டாள்.

வாசல் படலையடியில் மக்டலினின் குரல் கேட்டது. “இங்க வந்து பாருங்கோ! என்ர பிள்ளையின்ர பேர் லண்டனில அச்சாகிக் கிடக்கு!”