பதினொன்றாம் கோல்

அக்டோபர் முதல் சனிக்கிழமை கோரி ட்ரெலோர் தன் பிக்கப் வண்டியின் முன்னால் மாட்டிப் பனி தள்ளும் தகடு, பனிக்கலப்பை, பார்க்கப் போனான். இப்போதிருக்கும் வீட்டுக்கு வந்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. இதுவரை வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

பட்டறைக்காரன் மார்வ் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்து முன் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த எடைச் சீட்டை விரலால் துடைத்துப் படித்தான்.

"அரை டன் வண்டி. உனக்கு எது வேணும்?"

"நடுவுல மடங்குற தகடு. ரெண்டு இறக்கையா விரியுமே, அது."

"அது எண்ணூறு பவுண்டு. இந்த முன் அச்சு தாங்காது. ரெண்டு மாசம் தாங்கும், அப்புறம் கிழட்டு மாடு மாதிரி முட்டி போட்டுடும்."

"அப்ப?"

"நேர் தகடு. ஏழரை அடி. பின்னால தொட்டியில நானூறு பவுண்டு மணல் மூட்டை. மூட்டை போடாம ஓட்டிட்டு, சக்கரம் வழுக்குதுன்னு எங்கிட்ட வந்து நிக்காத. பாதை தாரா, ஜல்லியா?"

"ஜல்லி."

"தகட்டுக்கு அடியில சறுக்குக் கால் போட்டுக்க, தகடு தரையத் தொடாம நிக்கும். இல்லேன்னா மொதப் பனியிலயே ஜல்லியெல்லாம் புல்லுக்குள்ள போயிடும். மே மாசம் உக்காந்து பொறுக்கலாம்."

மார்வ் கைகளைத் துணியில் துடைத்தான். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு இருக்கு தம்பி. உன் வண்டி மாதிரி வண்டியில, உன் வண்டி வருஷத்துல இருந்தது. தாங்கி அப்படியே பொருந்தும், புதுசா ஒரு ஓட்டை போட வேண்டாம். மனுஷன் நல்லா வச்சிருந்தாரு."

"யாரு?"

"ஆர்வோ."

கோரி ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே ஏரிப்பக்கம் வானம் இரும்பு நிறத்தில் இருந்தது.

ஆர்வோ கெம்பைனன் கோரியின் சாலையில் இருபது வருடம் பனி தள்ளியவர். மொத்தம் பதினோரு வீடுகள். மண் உறைவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்காரரும் சாலையிலிருந்து தன் வீட்டுக்கு வரும் பாதையின் இரு பக்கமும் கோல்கள் நடுவார். பனி மூடிய பிறகு விளிம்பு எது, பள்ளம் எது என்று அந்தக் கோல்தான் சொல்லும். பாதை சாலையைத் தொடும் இடத்தில், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் கோலில் ஆர்வோ சிவப்பு மையால் ஓர் எண் போடுவார். அதுதான் வரிசை. ஒன்றாம் எண் வீட்டில் தொடங்குவார். கோரியின் வீடு பதினொன்று.

போன ஜனவரியில் ஒரு காலை, சமையலறையில் அவன் மனைவி ஆனிகா கையிலிருந்த தட்டை மெல்ல மேசையில் வைத்தாள். தலை வலிக்கிறது என்றாள். பிறகு விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் கவுண்டி நிர்வாகத்தின் பெரிய வண்டி சாலைப் பனியை ஓரம் தள்ளிக்கொண்டு போனபோது வாசலில் நெஞ்சளவுக்கு ஒரு பனி வரப்பைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஈரப் பனி. ஒரு மணி நேரத்தில் சுவராக இறுகியிருந்தது. வந்தவர்கள் அதன்மேல் ஏறிக் குதித்து, முந்நூறு கஜம் முழங்கால் பனியில் நடந்து, அவளைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் திரும்பினார்கள். அப்போதுதான் ஆர்வோவின் வண்டி வந்தது. பத்தாம் வீட்டை முடித்துவிட்டு வந்திருந்தார். இறங்கித் தொப்பியைக் கழற்றினார். யாரும் அவரிடம் பேசவில்லை. தகட்டைக் கீழே இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆனிகா பிழைக்கவில்லை. அதற்கப்புறம் அவர் பனி தள்ளவே இல்லை. மார்ச்சில் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

கோரி சாவுக்குப் போகவில்லை.

"பார்க்கிறேன்" என்றான் மார்விடம்.

ஆர்வோவின் வீடு சாலை தொடங்கும் முனையில் இருந்தது. அதற்கு எண் கிடையாது. கொட்டகைக்குப் பின்னால் மஞ்சள் தகடு புல்லில் சாய்ந்து நின்றது. ஒன்பது மாதமாக வெளியில் கிடந்தும் துருவில்லை. கீழ்விளிம்பு மட்டும் தேய்ந்து பளபளத்தது.

ஆர்வோவின் மனைவி ஹெல்மி மேல்சட்டையைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

"நீ வருவேன்னு நெனைக்கல."

"பொருந்தும்னு மார்வ் சொன்னான்."

"பொருந்தும்." கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்தாள். "உனக்கு அவர்மேல கோவம் இருக்கும். உங்கள ஏன் கடைசியில வச்சாருன்னு."

"கடைசி வீடு. கடைசியில வச்சாரு."

"அப்படியா நெனைச்ச? முத வருஷம் அவரு உங்கள மூணாவதா போட்டிருந்தாரு. உன் பொண்டாட்டி நடந்தே வந்தா இங்க. அந்தப் படியிலதான் உக்காந்தா. 'எங்க ரெண்டு பேருக்கும் கையும் காலும் நல்லா இருக்கு ஆர்வோ. கிழங்கட்டைங்கள மொதல்ல பாருங்க. எங்கள கடைசியில போடுங்க'ன்னா. இவரு எல்லாக் கோல்லயும் எண்ண அழிச்சு மறுபடி எழுதினாரு."

கோரி தகட்டின் விளிம்பில் கை வைத்திருந்தான். குளிர்ந்து கிடந்தது.

"உங்கிட்ட சொல்லலியா அவ?"

"இல்ல."

"இவரும் சொல்லல. செத்துப்போன பொண்ணுமேல பழிய போடுற மாதிரி இருக்குன்னாரு."

அவன் தகட்டை வாங்கிக்கொண்டான். இனிமேல் கோபப்பட ஆளில்லை. அது ஒரு விதத்தில் வசதியாகவும், ஒரு விதத்தில் தரையில்லாமல் நிற்பது போலவும் இருந்தது.

மார்வ் ஒரு மதியத்தில் பொருத்திக் கொடுத்தான். வண்டியின் முன் எலும்பில், அடிச்சட்டத்தில், தாங்கியைப் பூட்டினான். பேட்டரியிலிருந்து தகட்டுக்கு ஒயர் இழுத்தான். தகடு தூக்கி நிற்கும்போது முன்விளக்கை மறைக்கும் என்பதால் மேலே தனியாக இரண்டு விளக்குகள் வைத்தான். உள்ளே ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்னப் பிடி. முன்னால் தள்ளினால் தகடு இறங்கும். பின்னால் இழுத்தால் மோட்டார் முனகிக்கொண்டு தூக்கும்.

வீட்டில் எய்னார் ஜன்னலருகே காத்திருந்தார். ஆனிகாவின் அப்பா. இதய அடைப்புக்கு இரண்டு ஸ்டென்ட் குழாய் வைத்தவர். மகள் போன பிறகு, தனியாக இருக்க முடியாது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் சொல்லவில்லை. மே மாதம் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"அந்த இரும்பையா வாங்கிட்டு வந்திருக்க?"

"விலைக்கு நல்லா இருந்துச்சு."

"மாப்ள, ஊர்ல வேற இரும்பே இல்லியா?"

"இரும்புதானே எய்னார். அதுக்கு என்ன தெரியும்?"

"உனக்கு என்ன தெரியும்னு கேளு மொதல்ல." அவர் திரையை இழுத்துவிட்டார். "டாக்டர் சொன்னத மறந்துடாத. அடுத்த தடவ நெஞ்சு வலி வந்தா அரை மணி நேரம்தான் கணக்கு. அதுக்குள்ள எடுத்துட்டுப் போகணும்."

"அதுக்குத்தான் வாங்கினேன்."

கோல்களை அவனே நட்டான். வசந்தத்தில் பிடுங்கிக் கொட்டகை மூலையில் எறிந்திருந்த வாசல் கோலும் அதில் இருந்தது. சிவப்பு மை மங்கவில்லை. பதினொன்று. அதையே திரும்ப நட்டான். வேறு கோல் இல்லை.

நவம்பரில் நான்கு முறை பனி விழுந்தது. தகடு சொன்னபடி கேட்டது. முதல் பனியிலேயே தூரத் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் குவியும் கரை உறைந்து பிப்ரவரியில் பாதை பாதியாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். தூரத் தள்ளினான். தண்ணீர் நிலையத்தில் அவனுக்கு இரவு வேலை. போகும்போது தகட்டைக் கழற்றி முற்றத்தில் வைத்துவிட்டுப் போவான்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி ஏரியிலிருந்து பெரும் பனி வருகிறது என்றார்கள். அன்று முதல் தடவையாகத் தகட்டோடு வேலைக்குப் போனான்.

காலை எட்டு மணிக்குத் திரும்பும்போது இரண்டடி விழுந்திருந்தது. இன்னும் விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் வந்தும் வராத சாம்பல் நேரம். ஆர்வோ வீட்டு முனையில் திரும்பும்போது போன் அடித்தது.

"எங்க இருக்க?" எய்னார் குரல் மெல்லியதாக இருந்தது.

"சாலை முனையில."

"நெஞ்சுல யாரோ உக்காந்திருக்கான். தடியன்."

"ஆம்புலன்ஸ்?"

"கூப்டுட்டேன். இருபது நிமிஷம்னான். கோரி, வாசல்ல வரப்பு போட்டுட்டுப் போயிட்டான் கவுண்டிக்காரன். ஜன்னல்ல தெரியுது."

"நான் வர்றேன். பேசாதீங்க. உக்காருங்க."

மூன்று மைல். கோரி மிதித்தான்.

முதல் தபால் பெட்டியருகே தகடு விழுந்தது.

இடி விழுந்தது போல முன்பக்கம் அதிர்ந்தது. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. அவன் பிடியைத் தொடவில்லை. எண்ணெய் கசிந்தால் தகடு தானாக இறங்கும் என்று மார்வ் சொல்லியிருந்தான். ஆனால் அது மெல்ல இறங்கும். பிடியைப் பின்னால் இழுத்தான். மோட்டார் பேசவில்லை. மறுபடி இழுத்தான். பேசவில்லை. பின்னால் எடுக்கப் பார்த்தான். தகடு தரையைக் கவ்விக்கொண்டு சக்கரம் வெறுமனே சுற்றியது. முன்னால் மட்டும் வழி இருந்தது. முன்னால் இருந்தது அந்த வீட்டு வாசல் வரப்பு. வேறு வழியில்லாமல் அதில் இடித்துத் தள்ளினான். வரப்பு உடைந்து ஓரம் போனது. பிடியை இழுத்தான். தகடு எழும்பியது.

நான்கு நிமிடம் போய்விட்டது.

இரண்டாவது தபால் பெட்டியில் மறுபடி விழுந்தது. அதே போல, வாசலுக்கு நேராக. தள்ளி முடிக்கும்வரை எழும்பவில்லை. முடித்ததும் பிடியை இழுத்துத் தகட்டை உயர்த்திவிட்டு இறங்கினான். தொட்டியிலிருந்த சங்கிலியை எடுத்துத் தகட்டை வண்டியின் எலும்போடு இரண்டு சுற்றுச் சுற்றி, கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஏறி ஓட்டினான்.

மூன்றாவது தபால் பெட்டியில் தகடு விழுந்தது.

இறங்கிப் பார்த்தான். சங்கிலி அறுந்திருக்கவில்லை. கொக்கி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ பொறுமையாகக் கழற்றியது போல.

நிமிர்ந்தபோது விளக்கு வெளிச்சத்தில் கோல் தெரிந்தது. சிவப்பில் மூன்று. அதற்கடியில், கோரியின் வீடு மூன்றாக இருந்த வருடத்தில் போட்டுச் சுரண்டி அழித்த பழைய நான்கின் தடம்.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இது ஜனவரியில் அன்று ஆர்வோ போன வரிசை. பத்துவரை முடிந்து, பதினொன்றில் தகடு இறங்காமலே நின்றுபோன வரிசை. அதைத் தகடு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. பத்தும் முடிந்த பிறகுதான் பதினொன்று வரும். அப்போதும் நேரம் கடந்திருக்கும்.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியில் பனி அப்பியது. பக்கத்து இருக்கையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

"ஆர்வோ" என்றான். அந்தப் பெயரை அவன் ஜனவரிக்குப் பிறகு வாயால் சொன்னதில்லை. மார்விடம்கூட, ஹெல்மியிடம்கூட.

ஒன்றும் நடக்கவில்லை.

"அவ உங்ககிட்ட வந்து சொன்னா. எனக்கு ரொம்பப் பின்னாலதான் தெரிஞ்சுது. நீங்க அவ பேச்சக் கேட்டீங்க. தப்பு இல்ல." ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான். "இப்ப நான் சொல்றேன். அவ சொன்னத நான் மாத்துறேன். பதினொண்ணு மொதல்ல. உள்ள இருக்கிறது அவ அப்பா."

மோட்டார் முனகியது.

அவன் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கின் மேல் இருந்தன. தகடு மெல்ல, மெல்ல எழும்பி, உச்சியில் டொக் என்று நின்றது.

கோரி மிதித்தான். நான்காவது தபால் பெட்டி கடந்தது. ஐந்து. ஆறு. ஒவ்வொன்றிலும் பல்லைக் கடித்துக்கொண்டான். தகடு அசையவில்லை. பத்தைக் கடந்து வளைவில் திரும்பியபோது அவன் வாசல் தெரிந்தது. வரப்பு நெஞ்சளவு. அதே உயரம், அதே சாய்வு.

பிடியை முன்னால் தள்ளினான். இறங்கியது. முதல் இடியில் பாதி போனது. பின்வாங்கி இரண்டாவது இடித்தான். மணல் மூட்டைகள் பின்னால் புரண்டன. மூன்றாவதில் வரப்பு பிளந்து பாதை திறந்தது. நிறுத்தாமல் வீடுவரை ஒரே இழுப்பாகத் தள்ளிக்கொண்டு போனான். முற்றத்தில் திரும்பும்போது கண்ணாடியில் சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டு ஏறி வந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் எய்னாரைத் தூக்குப் படுக்கையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் மெழுகாக இருந்தது. கண் மட்டும் உயிரோடு இருந்தது.

"வாசல் கோல சாய்ச்சுட்ட மாப்ள" என்றார். "பார்த்து ஓட்டத் தெரியாதா?"

"பேசாதீங்க."

"புதுசா வைக்கும்போது வேற எண் போடு."

மத்தியானம் மருத்துவமனையில் மூன்றாவது குழாய் வைத்தார்கள். வந்து சொன்ன நர்ஸ், நேரத்தோடு வந்துவிட்டார் என்றாள். அந்த வார்த்தையைக் கோரி கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எய்னார் தூங்கியதும் கிளம்பினான்.

பனி விட்டிருந்தது. சாலையில் ஒன்று, இரண்டு, மூன்று திறந்திருந்தன. மூன்றாம் வாசல்? அங்கே அவன் ஒன்றும் தள்ளவில்லை. அப்படியே விட்டுத்தான் போனான். இறங்கிப் பார்க்கவில்லை. கடந்து போனான்.

நான்காவது தபால் பெட்டியருகே வண்டியை நிறுத்தினான். வரப்பு அப்படியே கிடந்தது. தகடு தானாக இறங்கட்டும் என்று பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். காத்திருந்தான்.

தகடு மேலேயே நின்றது. ஒரு நிமிடம். இரண்டு. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான்காம் வீட்டுக் கிழவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"என்ன, ஜெபம் பண்றியா? தள்ளுப்பா."

"இதோ" என்றான் கோரி.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு தானே பிடியை முன்னால் தள்ளினான்.