குங்கிலியம் போட்ட பெல்ட்

வெங்கட்ரமணன் மைதானத்தில் மல்லாந்து படுத்து, புல்வெட்டும் வண்டியின் அடிவயிற்றுக்குள் இடுப்புவரை நுழைந்திருந்தார். வெளியே தெரிந்தது கால்கள் மட்டும்தான். கல்லூரி அலுவலகத்தின் சூப்பரிண்டெண்ட் இந்தக் கோலத்தில் கிடப்பதை யாரும் கண்டதில்லை என்பதால், போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று ரசித்துவிட்டே போனார்கள். கண்ணில் எண்ணெய் சொட்டியது, காதுக்குள் காய்ந்த புல் உதிர்ந்தது. புது பெல்ட்டை ஒரு சக்கரத்தில் மாட்டினால் இன்னொன்றிலிருந்து நழுவியது. ஆனாலும் மனிதர் எழுந்திருக்கவில்லை.

எழுந்தால் வண்டி போய்விடும். ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருந்த அந்தக் கல்லூரியில் ஒரு வருஷம் பாடம் நடத்திவிட்டுப் போன அமெரிக்கர் ஒருவர் அன்பளிப்பாகக் கப்பலில் அனுப்பிய வண்டி அது. ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு பிடி. ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாகத் திரும்பும். "புல்லைத் திங்க ஆடு இருக்குல்ல, இது எதுக்கு?" என்று தாளாளர் திருப்பி அனுப்பப் பார்த்தார். "என் பொறுப்பு சார்" என்று தூத்துக்குடிவரை போய் இறக்கிக்கொண்டு வந்தவர் வெங்கட்ரமணன். ஐம்பது வயதுவரை எதையும் எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காதவர். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டாதவர். சாயங்காலம் ஆபீசைப் பூட்டிவிட்டு அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அவர் முகமே வேறாகிவிடும். அதில் அவருக்குக் கொள்ளை சந்தோஷம். வெட்கத்தினால் அதை மனைவி அகிலாண்டத்திடம்கூடச் சொன்னதில்லை.

இந்தியா கிரிக்கெட்டில் உலகக் கோப்பை வாங்கிய வருஷம். கல்லூரிக்குக் கல்லூரி மேட்ச் பைத்தியம் பிடித்திருந்தது. நாளைக் காலையில் இங்கே மேட்ச். புல்லோ கணுக்கால் உயரம். இந்த நேரம் பார்த்து முந்தாநாள் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைக்கும் பெல்ட் அறுந்து தொலைந்தது. தாளாளர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு இருட்டுறதுக்குள்ள புல்லு வெட்டியிருக்கணும். இல்லைன்னா திங்கக்கிழமை வண்டி பழைய இரும்புக்குப் போயிரும்."

காலையிலேயே வெங்கட்ரமணன் அறுந்த பெல்ட்டைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார். வெளிவீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, அதே நீளம், அதே அகலத்தில் ஒன்றை வாங்கிவந்தார். உழைத்துத் தளர்ந்த பெல்ட்டை அளவு காட்டி வாங்கினால் புதிதும் தளர்ச்சியாகத்தானே வரும்? அது அவருக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இப்போது ஒருவழியாக மாட்டி முடித்து எஞ்சினைக் கிளப்பினார். எஞ்சின் உறுமியது. பெல்ட் வழுக்கிக்கொண்டு கீச்சென்று கத்தியது. வண்டி ஓர் அடி நகரவில்லை. அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒத்தக்கடை மாவு மில்காரர் நல்லகாமனும் உண்டு. பெல்ட் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

"அட, இதுக்கா சார் இம்புட்டு விசனம்? எங்க மில்லுல பெல்ட்டு வழுக்குனா குங்கிலியப் பிசினைப் பொடிச்சுத் தூவுவோம். கப்புன்னு பிடிச்சுக்கிரும்."

"இதுக்கும் ஆகுமா நல்லகாமன்?"

"பெல்ட்டுன்னா பெல்ட்டுதான சார். அமெரிக்காவுல செஞ்சா கொம்பு மொளச்சிருமா?"

சைக்கிளில் பறந்துபோய்ப் பொட்டலத்தோடு வந்தார். ஒரு சிட்டிகை போதும். ஆனால் ஆசை யாரை விட்டது? கை நிறைய அள்ளிப் பூசினார்கள். எஞ்சினைக் கிளப்பியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு புறப்பட்டது. புல் சீவி எறியப்படும் சத்தம் கேட்டது. நல்லகாமன் விசிலடித்தார்.

எல்லைக்கோடு நெருங்கியதும் நிறுத்துவதற்காக வெங்கட்ரமணன் மிதியை அழுத்தினார். மாவு மில் பெல்ட் காலையில் கிளம்பினால் மத்தியானம்வரை ஓடவேண்டியது. இந்த வண்டி பெல்ட்டோ, மிதித்தால் தளர்ந்து நழுவவேண்டியது. சூட்டில் உருகிய குங்கிலியம் அதை நழுவவிடவில்லை. வண்டி நிற்கவில்லை. எதிரே நாளைய மேட்ச்சுக்குப் போட்ட ஷாமியானா, அதன் கீழே அடுக்கிய நாற்காலிகள். பயத்தில் ஒரு பிடியைத் தள்ளி மற்றதை இழுத்தார். வண்டி நாற்காலிக்கு ஒரு சாண் முன்னால் சுழன்று திரும்பியது.

"ஆஃப் பண்ணுங்க சார்! ஆஃப் பண்ணுங்க!" என்று நல்லகாமன் கத்திக்கொண்டே கூட ஓடினார்.

கை சுவிட்சுக்குப் போனது, பாதியில் நின்றது. அணைத்தால் அணையும். ஆனால் பெல்ட் இப்படி ஒட்டிக்கிடக்கையில் கிளப்புகிற கயிற்றை எத்தனை பேர் இழுத்தாலும் எஞ்சின் மறுபடி கிளம்பாது. பொழுதும் மேற்கே சாய்ந்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? நிற்காவிட்டால் போகட்டும், புல் இருக்கிறவரைக்கும் ஓடட்டும்.

"நவுந்துக்கோய்யா, வாரேன்!" என்று கூவினார். அவர் தொண்டையில் அப்படியொரு குரல் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

மேற்கே போய்ச் சுழன்று திரும்பினார், கிழக்கே போய்ச் சுழன்று திரும்பினார். புளியமரத்தை உரசினாற்போல் சுற்றிவந்தார். கை பழகப் பழகப் பயம் போய், உடம்பெல்லாம் சந்தோஷம் ஏறியது. விடுதிப் பையன்கள் சுவரேறி உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் கைதட்டினார்கள். குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து அகிலாண்டம் ஈரக்கையோடு ஓடிவந்து, வாய்பிளந்து நின்றாள்.

தாளாளரின் கார் வந்து நின்றது. இறங்கியவர் கையைத் தூக்கினார்.

"வெங்கட்ரமணன்! கொஞ்சம் நிறுத்துங்க!"

"வேலை முடியலை சார்!" என்றபடி வெங்கட்ரமணன் அவரைக் கடந்து போனார். பதினெட்டு வருஷ சர்வீசில் தாளாளர் கூப்பிட்டு அவர் நிற்காமல் போனது அதுவே முதல் தடவை. தாளாளர் திகைத்துப்போய் நல்லகாமனைப் பார்த்தார்.

"வெட்ட ஆரம்பிச்சா சார் நிக்க மாட்டாரு" என்றார் நல்லகாமன், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

அடுத்த சுற்றில் தாளாளர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வண்டியோடு நாலு எட்டு ஓடிவந்தார். "வண்டி இருக்கட்டும்யா! எங்கயும் அனுப்பலை! கேக்குதா?"

கேட்டது. வெங்கட்ரமணன் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் சிரிப்பு பீறிட்டுவிடும். கடைசி வரிசைப் புல்லும் சாய்ந்தது. இப்போது அணைக்கலாம். கை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் ஒரு பிடியைத் தள்ளி, மற்றதை இழுத்து, மைதானத்தின் நட்டநடுவில் வண்டியைச் சுழலவிட்டார். வெட்டிய புல்லில் பூச்சி பொறுக்க எங்கிருந்தோ கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. வண்டி சுற்றச் சுற்ற அவை எழும்பி, அவர் தலைக்கு மேலே ஒரு வட்டமடித்து, மறுபடி அவரைச் சுற்றியே வந்து உட்கார்ந்தன.