தண்ணீர் குடித்த இன்ஜின்

பல் டாக்டருக்குப் பழைய கார் என்றால் உயிர். ஊரார் பல்லைப் பிடுங்கிச் சம்பாதித்ததையெல்லாம் அந்தக் காரின் வாயில் போட்டார். கடைசியில் இன்ஜின் உடைந்து நடுரோட்டில் நின்றார். அந்த மாடலுக்கு மாற்று இன்ஜின் கிடைப்பது குதிரைக்கொம்பு. செய்த கம்பெனியையே மூடி எத்தனையோ காலம் ஆகிறது. ஆனாலும் மனுஷன் விடுவதாக இல்லை. எங்கேயாவது ஒன்று தேடிக் கொடு என்று பட்டறையில் வந்து உட்கார்ந்து சின்னவனின் உயிரை எடுத்தார்.

சின்னவன் என்பது பட்டறையில் அவனுக்கு நிலைத்துவிட்ட பெயர். பெரியவன் அவனுடைய அண்ணன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வேலை முடிந்த ஒரு காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான் பெரியவன். அவனும் வரவில்லை, காரும் வரவில்லை. காரை விற்றுவிட்டு எவளோடோ ஓடிவிட்டான் என்று ஊர் முடிவுகட்டியது. ஊருக்கென்ன, அதற்குச் சாட்சியா கேட்கப்போகிறார்கள்? திருடன் தம்பி என்ற பட்டத்தோடுதான் சின்னவன் இத்தனை நாளும் கடையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

காணாமல்போன காரும் டாக்டரின் காரும் ஒரே மாடல். சுற்றுவட்டாரத்தில் அதில் மூன்றாவது கார் கிடையாது. அதனால் காயலான் கடையிலிருந்து, "நீங்க கேட்ட இன்ஜின் ஒண்ணு வந்திருக்கு" என்று போன் வந்ததும் சின்னவன் கைவேலையை அப்படியே போட்டான். டாக்டரை மறந்தே போனான். இது அந்த இன்ஜின் என்றால் அதை விற்றவனைப் பிடிக்கலாம். விற்றவனைப் பிடித்தால் அண்ணனைப் பிடிக்கலாம்.

பட்டறையின் வரவு செலவெல்லாம் அண்ணி கையில். அவள் வழியாகத்தான் எதுவும் நடக்கவேண்டும். "எதுக்கு அந்த இழவு? கிடைக்கலைன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றாள் முதலில். அவன் வேனை எடுத்தபோது கதவைத் திறந்து தானும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். காயலான் கடைப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததே இல்லை. வழியெல்லாம் பேசவும் இல்லை. வாயாடியான அண்ணி பேசாமல் வந்தது அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

டயர் இல்லாத கார்களை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். உச்சிவெயிலில் தகரம் சூடேறி வாசம் அடித்தது. கிரேன் எங்கோ இரும்பைத் தூக்கிப் போடும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. கடைக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். விலை கேட்குமுன்பே விலையைக் குறைத்தார். வியாபாரி அப்படிச் செய்தால் மெக்கானிக்குக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"இன்னிக்கே தூக்கிட்டுப் போங்க தம்பி. இல்லேன்னா சாயங்காலம் லாரி வரும், உலைக்கு அனுப்பிடுவேன். என் கண்ணுல படாம போனா சரி."

"எங்கேருந்து வந்துச்சுண்ணே?"

"வர்ற இடத்துலேருந்து வந்துச்சு. உங்களுக்கு இன்ஜின்தானே வேணும்?"

அண்ணி இன்ஜின் பக்கம் வரவே இல்லை. நிழலில் கிடந்த ஒரு பஸ் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சின்னவன் இன்ஜினைப் புரட்டிப் போட்டு அடித்தட்டைக் கழற்றினான். போல்ட்டுகள் இறுகிப்போயிருந்தன. நாலைந்து முறிந்தன. தட்டு கையோடு வந்தபோது ஆயிலுக்குப் பதிலாக உள்ளே காய்ந்த சேறு இருந்தது. கட்டியாக, வெடித்துப்போய், நடுநடுவே சின்னச் சின்ன நத்தை ஓடுகளோடு.

விரலால் சேற்றைத் தோண்டினான். பிஸ்டன் ராடுகளைக் கழற்றினால் இடம் மாறிவிடக்கூடாது என்று மெக்கானிக்குகள் ஒவ்வொன்றின் மூடியிலும் புள்ளி குத்துவார்கள். முதலாவதுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி. பெரியவன் மூன்றுவரை ஒழுங்காகக் குத்துவான். நாலாவதுக்கு உளியை வைத்து ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டுவிடுவான். நாலு தடவை தட்ட எவனுக்குப் பொறுமை இருக்கிறது என்பான்.

நாலாவது மூடியில் கோடு இருந்தது.

சின்னவன் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தேய்த்துப் பார்த்தான். கடைக்காரர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாறை வெட்டின பள்ளம் இருக்கே, அந்தக் கல்லுக்குழித் தண்ணி இந்த வருஷம் அடியோட வத்திப்போச்சு. அங்கே ஒருத்தன் இரும்பு பொறுக்குவான். அவன்தான் கொண்டாந்தான். வண்டிக்குள்ள வேற என்ன இருந்துச்சுன்னு நான் கேட்கல. அவன் மூஞ்சியைப் பார்த்தா கேட்கத் தோணல."

அண்ணன் ஓடவில்லை. எவளோடும் போகவில்லை. ஊர் அவனைத் திட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவன் தண்ணீருக்கு அடியில் கிடந்திருக்கிறான். இதை அண்ணியிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லக்கூடாது என்று முடிவுசெய்தான். கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனான்.

"வேண்டாம் அண்ணி. பிளாக்கே விரிசல் விட்டிருக்கு. காசுக்குப் பிடிச்ச கேடு."

அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நாலாவதுல கோடு இருக்கா?" என்றாள்.

அவன் இன்ஜின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"கல்லுக்குழித் தண்ணி வத்திருச்சுன்னு கேள்விப்பட்டதிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல" என்றாள். "வண்டியில நானும் இருந்தேன்."

கிரேன் இரும்பைப் போட்டது. சத்தம் அடங்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"அன்னிக்கு நல்லா குடிச்சிருந்தாரு உங்க அண்ணன். வீட்டுக்கு வந்து என்னையும் வண்டியில ஏத்திக்கிட்டாரு. வழியெல்லாம் அடி. குழியோரம் வந்ததும், ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம் வான்னு சொல்லிட்டு வண்டியை விட்டாரு. நான் கதவைத் திறந்து குதிச்சேன். அவரு போயிட்டாரு. தண்ணிக்குள்ள விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அணையுற வரைக்கும் நின்னு பார்த்தேன்."

"கத்தலாமே அண்ணி. பக்கத்துல வேலையாட்கள் குடிசை இருக்கே."

"இருந்துச்சு."

"வாய் வரலையா?"

"வாயெல்லாம் வந்துச்சு" என்றாள் அண்ணி. "நான்தான் கத்தல."

ஏழு வருஷம். பட்டறை வாசலில் ஹாரன் அடித்தால் சின்னவன் திரும்பிப் பார்க்காத நாள் இல்லை. எதிரே உட்கார்ந்து சோறு போட்ட அண்ணி ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவ்வளவு மனவுறுதி என்று அதற்கும் அவளைப் பெருமையாக நினைத்திருந்தான். இப்போது அவளை ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல் வந்தது. கை உயர்ந்தும்விட்டது. அண்ணனின் கை இப்படித்தான் உயரும். சின்னவன் கையைக் கீழே போட்டான்.

"வாங்கிட்டுப் போய் அந்தக் கோட்டைக் காட்டினா ஊருக்குத் தெரியும்" என்றாள் அவள், அந்தக் கையைப் பார்த்தபடியே. "உங்க அண்ணன் திருடன் இல்லேன்னு ஆயிடும். வாங்கலேன்னா சாயங்காலம் உருகிப்போயிடும். நீ சொல்றதுதான் தம்பி. நான் குறுக்கே நிக்கல."

எதிலும் தன் பேச்சே கடைசிப் பேச்சு என்று இருந்தவள். இன்று பார்த்து அதை அவன் தலையில் கட்டுகிறாள். அவனுக்கு அண்ணன்மேல் ஆத்திரம் வந்தது, அவள்மேல் வந்தது, பல் டாக்டர்மேல்கூட வந்தது. அழுகை மட்டும் வரவில்லை. நேராகக் கடைக்காரரிடம் போனான்.

"வேண்டாம்ணே. உலைக்கே அனுப்பிடுங்க."

கடைக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. "உங்க இஷ்டம்" என்றார். "நீங்க எடுத்துக்கிட்டா நல்லதுன்னு பார்த்தேன். அந்த இரும்பு பொறுக்குறவன் தொல்லை தாங்கல. வண்டி யாரோடதுன்னு தெரிஞ்சாகணுமாம். குழி மேட்டுல கல் இடுக்குல மாட்டிக் கிடந்துச்சுன்னு ஒரு பொம்பளைச் செருப்பை வச்சுக்கிட்டு அலையிறான். ரப்பர் செருப்பு, ஒத்தைக் கால். நாளைக்கு ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கொடுக்கப் போறானாம்."

சின்னவன் திரும்பவில்லை. திரும்பாமலேயே, பின்னால் பஸ் சீட்டு கிறீச்சிட்டது அவனுக்குக் கேட்டது.

"இன்ஜினை நானே எடுத்துக்கறேன்ணே" என்றான். "அவன்கிட்ட இருக்கிறதையும் வாங்கிக் கொடுத்துடுங்க. சேர்த்து எடுத்துக்கறேன். விலையெல்லாம் நீங்க சொல்றதுதான்."

கடைக்காரர் அவனைப் பார்த்தார். பிறகு அவன் தோளுக்கு மேலாக நிழலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். அவர்கள் வந்ததிலிருந்து அவரிடமிருந்த அவசரம் போன இடம் தெரியவில்லை. ஒரு பழைய டயரை இழுத்து நிதானமாகப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"இப்படி உக்காருங்க தம்பி" என்றார். "பேசுவோம்."